வீடு பிரிக்கும் மின்ரம்பம்

அங்கத்தினர் கல்விப் பாடம்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குப் பார்க்கச் சென்றிருந்தேன். அச் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் தம் பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டைப் பிரித்துவிட்டு, அவ்விடத்தில் தறிக்கூடம் கட்ட முற்பட்டிருந்தார். ஆள் வைத்தால் கூலி மிகும் என்று கருதி, மின்ரம்பம் ஒன்றை விலைக்கு வாங்கி, மூன்று நாள் காலை முதல் மாலை வரை தாமே அறுத்தார். பின்கட்டு பிரிந்தது. ஆனால் நான்காம் நாள் தறியில் அமர்ந்தபோது, அறுந்த இழையை அவருடைய விரல்கள் உணரவில்லை, முடிச்சிடவும் இயலவில்லை. விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. உணர்ச்சி திரும்பும்வரை தறி நின்றது. ஆள் கூலியில் மிச்சமானது நெசவுக் கூலியில் போயிற்று. ரம்பமோ சாக்கில் சுற்றப்பட்டுப் பரண்மேல் ஏறிவிட்டது.

குற்றம் கருவியினுடையதன்று. அதன் இயல்பை அறியாமல் வாங்கியதும், அளவறியாமல் உபயோகித்ததுமே குற்றம். ஆகவே அங்கத்தினர்கள் இரண்டு விஷயங்களை அறிந்துகொள்ள வேண்டும். இக் கருவியை எவ்வாறு கையாளுவது? இது யாருடைய உடைமையாக இருத்தல் நலம்?

கருவியின் இயல்பு

கடைகளில் ‘ரெசிப்ரோகேட்டிங் ஸா’ என்று கேட்டால் கொடுப்பார்கள். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மில்வாக்கி எலெக்ட்ரிக் டூல் கம்பெனியார் ‘ஸாஸால்’ என்ற பெயரில் இத்தகைய கருவியை வெளியிட்டனர். அந்நாட்டில் இன்றும் பலர் எந்தக் கம்பெனியின் ரம்பத்தையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

மோட்டாரின் சுழற்சி, கருவியின் உள்ளே முன்னும் பின்னுமான ஓட்டமாக மாற்றப்படுகிறது. ஓர் ஓட்டத்தின் நீளம் பொதுவாக 19 முதல் 32 மில்லிமீட்டர் வரை இருக்கும். முழு வேகத்தில் அலகு நிமிஷத்திற்கு ஏறக்குறைய 3,000 முறை ஓடும். அலகு நம்மை நோக்கி இழுக்கப்படும்போதே பற்கள் அறுக்கின்றன. ஆதலால் கருவியின் முகப்பிலுள்ள இரும்புத் தாங்கியை மரத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். தாங்கி விலகினால் மரம் அறுபடாது, கருவியே குதிக்கும், அந்த அதிர்ச்சி முழுவதையும் கைகளே ஏற்க வேண்டியிருக்கும்.

நேர்த்தியான தச்சு வேலைக்கு இது உதவாது; செங்கற்சுவரை இடிப்பதற்கும் உரியதன்று. பிரித்த பொருளை மீண்டும் உபயோகிக்க விரும்புவோருக்கே இதனால் பயன் மிகுதி. கடப்பாரையால் நெம்பினால் பழைய தேக்குச் சட்டமும் பனங்கையும் ஆணியிருக்கும் இடத்தில் பிளந்துபோகும். இரு மரங்களின் இடுக்கில் மெல்லிய அலகை நுழைத்து ஆணியை மட்டும் அறுத்தால் மரம் முழுதாக வெளிவரும். வாசல் நிலையும் அப்படியே. சுவருக்குள் பதிந்துள்ள இரும்புப் பிடிகளை அறுத்துவிட்டால், பாட்டனார் காலத்து நிலையைச் சேதமின்றிப் புது வீட்டில் நிறுத்தலாம்.

அலகைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் அங்குலத்தில் எத்தனை பற்கள் என்பதே அலகின் அளவு. ஆணியில்லாத மரத்திற்கு 5 அல்லது 6 பற்கள் போதும். ஆணியுள்ள மரத்திற்கு 6 முதல் 10 வரையும், இரும்புக் குழாய்க்கும் கம்பிக்கும் 14 முதல் 18 வரையும், மெல்லிய தகட்டிற்கு 24-ம் ஏற்றவை. இரும்பை அறுக்கும்போது குறைந்தது மூன்று பற்களாவது அதன்மீது படிந்திருக்க வேண்டும். இல்லாவிடில் பற்கள் உதிரும். பற்கள் கடின எஃகாலும் முதுகு வளையும் எஃகாலும் ஆன இரட்டை உலோக அலகே வீடு பிரிக்கும் வேலைக்கு உகந்தது. அலகின் நுனி, ஓட்டத்தின் எந்த நிலையிலும் மரத்திற்கு அப்பால் நீண்டிருக்க வேண்டும். குட்டையான அலகின் நுனி மரத்தில் முட்டினால் கருவி பின்னோக்கி உதைக்கும்.

பிரிக்கும் வரிசை

கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும். முதலில் ஓடு, பிறகு ரீப்பர், அதன்பின் கைமரம், மோட்டுவளை. கடைசியிலேயே விட்டமும் தூணும். கைக்கு எளிதில் எட்டுகிறது என்று விட்டத்தை முதலில் அறுப்பது உயிருக்கே ஆபத்து. கைமரங்கள் இருபுறச் சுவர்களையும் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அச் சுவர்கள் விலகாமல் இழுத்துப் பிடித்திருப்பது விட்டமே. அது அறுபட்டால் சுவர் சாய்ந்து, கூரை அறுப்பவர்மீதே விழக்கூடும்.

நெசவாளர் தெருக்களில் பொதுச்சுவர் உள்ள வீடுகள் பல. நம் பக்கத்துச் சுவரில் அடுத்த வீட்டாரின் விட்டம் தங்கியிருக்கலாம். அவர்களிடம் சொல்லி, அனுபவமுள்ள கொத்தனாரையோ பொறியாளரையோ கொண்டு பார்வையிட்டு, வேண்டிய இடங்களில் முட்டுக் கொடுத்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

மின்சாரமும் தூசியும்

சுவரிலும் கூரையிலும் ஓடும் மின்கம்பி அலகிற்குத் தெரியாது. மெயினை நிறுத்தினால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்திய பிறகும் கம்பியில் மின்சாரம் ஓடும். வீட்டிற்கு ஓர் இணைப்பும் தறிக்கூடத்திற்கு வேறோர் இணைப்பும் இருந்தால் இரண்டையும் நிறுத்த வேண்டும். மின்பணியாளரைக் கொண்டு சோதித்த பிறகே அலகை வைக்கலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை இந்த ரம்பத்தால் அறுக்கவே கூடாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தகட்டை நன்றாக நனைத்து, மரையாணியைக் கழற்றி, உடையாமல் இறக்க வேண்டும். பழைய கதவுகளில் உள்ள வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அத்தகைய மரத்தை அறுக்கும் இடத்தில் குழந்தைகள் இருத்தலாகாது. கண்ணாடியும், நுண்தூசியைத் தடுக்கும் முகமூடியும், காதடைப்பானும் அவசியம்.

கைகளைக் காத்தல்

முதலில் கூறிய அங்கத்தினரின் கதைக்கு வருவோம். அதிர்வு நாள்தோறும் விரல்களில் ஏறினால் நரம்பும் இரத்தக் குழாயும் கெடும். விரல்கள் வெளுத்து மரக்கும். நாளடைவில் அது தீராமலும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வகுத்த நெறியின்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிடும்போது கையில் ஏறும் அதிர்வு வினாடி வர்க்கத்திற்கு 5 மீட்டரைத் தாண்டலாகாது. கருவியின் அதிர்வு 20 என்று அதன் கையேட்டில் குறித்திருந்தால், ஒருவர் ஒரு நாளில் மொத்தம் 30 நிமிஷத்திற்கு மேல் அறுத்தல் கூடாது. நம் நண்பரோ பகல் முழுவதும் அறுத்தார்!

மழுங்கிய அலகு அதிர்வை மிகுவிக்கும். உடனே மாற்றிவிட வேண்டும். மூவர் சேர்ந்து, ஒருவர் அறுக்க, ஒருவர் தாங்க, ஒருவர் அடுக்க, முறை மாற்றிச் செய்வது உத்தமம். நெசவாளருக்கு விரலே மூலதனம். அதற்கு எந்தச் சங்கமும் கடன் கொடுக்க முடியாது.

யாருடைய உடைமை?

கருவியின் விலை ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் ஆயுளில் நான்கு நாள் உபயோகித்தால், நாளொன்றுக்கு அடக்கம் ரூ.2,500. அதையே சங்கம் வாங்கி, ஆண்டுக்கு 50 நாள் வீதம் நான்கு ஆண்டுகள் வாடகைக்கு விட்டால், நாளொன்றுக்கு அடக்கம் ரூ.50, பழுது பார்க்கும் செலவைச் சேர்த்தாலும் அதிகமாகாது. அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகங்களைப் போலவே கருவிகளையும் இரவல் கொடுத்து வருகிறது. நம் மாநிலத்திலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் உழவு இயந்திரங்களை வாடகைக்கு விடுகின்றன. ஆகவே இது நமக்குப் புதிய வழியன்று.

ஆனால் பொதுப்பொருள் பராமரிப்பின்றிக் கெடுவதும் நாம் அறிந்ததே. எனவே சில விதிகள் வேண்டும். தனிப் பதிவேடும் முன்பணமும் இருக்க வேண்டும். அலகை எடுத்துச் செல்பவரே வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது பொறுப்பாளர் ஓட்டிப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஒருமுறை செய்முறை விளக்கம் பெறாதவருக்குக் கொடுத்தல் கூடாது. இவற்றில் கடைசி விதியே முக்கியமானது. வாடகை குறைவு என்பது தனி மனிதரும் கண்டுகொள்ளக்கூடிய இலாபம். கருவியோடு அறிவையும் சேர்த்துக் கொடுப்பதே சங்கத்தால் மட்டும் ஆகக்கூடியது.

கலந்தாலோசிக்க வினாக்கள்

1. ஓட்டுக் கூரையைப் பிரிக்கையில் விட்டத்தைக் கடைசியில் அறுப்பது ஏன்?

2. மெயினை நிறுத்திய பிறகும் மின்சாரம் வரக்கூடிய வழிகள் யாவை?

3. உங்கள் சங்கத்து அங்கத்தினர் வீடுகளில், ஆண்டில் சில நாட்களே உபயோகமாகும் கருவிகள் எவை? அவற்றுள் எவற்றைச் சங்கம் வாங்கலாம்?