மெழுகிய களமும் பசும்புல்லும்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரச் சிற்றூர்களில் அறுவடைக்கு முன் களத்தைச் செதுக்கி, நீர் தெளித்து, சாணமிட்டு மெழுகுவது வழக்கம். நெல்மணியோடு மண் கலவாதிருக்க உழவர் கண்ட முறை அது. அம்முறை ஒரு விளையாட்டுக்கும் உதவியது என்பது பலர் அறியாத செய்தி. தென்னாட்டில் டென்னிஸ் ஆடுகளங்களையும் களிமண்ணும் சாணமும் கொண்டு மெழுகி அமைத்தனர். புல்லை வளர்த்துக் காக்கும் நீர்வளமும் பொருள்வளமும் இல்லாத ஊர்களில் வேறு வழி ஏது?

ஆனால், 1877 இல் இலண்டனில் தொடங்கி, டென்னிஸ் உலகின் தலையாய போட்டியாக விளங்கும் விம்பிள்டன் புல்தரையில் நடப்பது. புல்லில் பந்து உயர எழும்பாது, வழுக்கிக்கொண்டு விரையும். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் வீச்சில் வன்மை உடையவர்க்கே அத்தரை பெரிதும் துணைநிற்கும். அவ்வன்மை வாய்க்காத ஒருவர் அங்கே உயர்ந்த வரலாறு நாம் அறியத்தக்கது.

ராஜபாளையத்திலிருந்து மலையடிவாரமாகவே தெற்கு நோக்கிச் சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலை முடியும் இடத்தருகே உள்ளது நாகர்கோவில். இராமநாதன் கிருஷ்ணன் 1937 இல் அங்குப் பிறந்தார். தந்தை டி.கே. இராமநாதனே அவருக்கு ஆசான். கிருஷ்ணனின் முதல் வீச்சு மென்மையானது. எனினும், எதிராளி நிற்காத இடம் எது என்பதை அவர் கண் முன்பே கண்டுவிடும். கை அங்கே பந்தைக் கொண்டு சேர்க்கும். அடித்தார் என்பதைவிட வைத்தார் என்பதே பொருந்தும்.

1954 இல் விம்பிள்டன் இளையோர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அப்பட்டம் பெற்ற முதல் ஆசியர் அவரே. இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர், நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆடவர் பட்டத்தையே வென்றார் என்பதைக் கருதினால் அவ்வெற்றியின் அருமை விளங்கும். 1960 இலும் 1961 இலும் கிருஷ்ணன் ஆடவர் அரையிறுதியை எட்டினார். முதலாண்டில் நீல் ஃபிரேசரும் மறு ஆண்டில் ராட் லேவரும் அவரைத் தடுத்தனர். அவ்விருவருமே அவ்வவ்வாண்டின் வாகையர். 1962 இல் கணுக்காற் காயம் அவரை இடையிலேயே விலகச் செய்தது.

அக்காலத்தில் பணம் பெற்று ஆடும் தொழில்முறை வீரர்க்கு விம்பிள்டனிலோ நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பையிலோ இடமில்லை. தொழில்முறைக் குழுவில் சேருமாறு பெருந்தொகையுடன் அழைப்பு வந்தபோது கிருஷ்ணன் மறுத்தார். நாட்டுக்காக ஆடுவதையே தேர்ந்தார். 1966 இல் கொல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான முடிவு ஆட்டத்தில், தாமஸ் கோச் இரண்டு செட்டுகளை வென்று, நான்காம் செட்டில் 5-2 என முந்தியிருந்தார். பார்த்தவர் பலர் நம்பிக்கை இழந்திருப்பர். கிருஷ்ணன் அந்தச் செட்டை மீட்டார், அடுத்ததையும் வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. இந்தியா பெற்ற அந்த ஒரு வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இணைந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது.

அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979 இல் அதே விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். அவர் முதல் வீச்சும் மென்மையானதே. 1987 இல் டேவிஸ் கோப்பை அரையிறுதியில், சிட்னியின் புல்தரையில், முடிவு ஆட்டத்தில் வாலி மசூரை வீழ்த்தி, தந்தை காலத்தில் இந்தியாவைத் தடுத்த ஆஸ்திரேலியாவை வெளியேற்றினார்.