முதலில் தட்டு, பிறகு டம்பெல்

பேலியோ உணவையும் ஜிம்மையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டுமே ஆரம்பத்தில் உடம்பைப் படுத்தும். தலை வலித்தால் அது சோற்றை நிறுத்தியதாலா, புதிதாக எடை தூக்கியதாலா என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முடியாதபோது ஆட்கள் இரண்டையும் சேர்த்துக் கைகழுவிவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படிக் கைகழுவியவர்களை வைத்து ஒரு கபடி அணியே அமைக்கலாம்.

நான் முதலில் சாப்பாட்டை மாற்றினேன். உடம்பு அதற்குப் பழகி, மாலையில் ரயில்வே மேம்பாலப் படி ஏறும்போது மூச்சு வாங்காமல் போன பிறகே ஜிம் பக்கம் போனேன். இடையில் ஒரு மாதம் போயிருக்கும். அந்த ஒரு மாதத்தில் நடை மட்டும்தான்.

எனக்கு 47 வயது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை. சர்க்கரைப் பரிசோதனையில் என் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோய் இன்னும் வரவில்லை, வரும் வழியில் இருக்கிறது என்று பொருள். எனக்கு மாத்திரை எதுவும் இல்லாததால் தொடங்குவது சுலபமாக இருந்தது. உங்களுக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், அளவு குறைக்காத மருந்து சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் வேறொரு ஆபத்து: சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரலாம். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் அளவு மாற்ற வேண்டி வரலாம். ஆகவே முதல் செலவு பாதாமுக்கு இல்லை, ரத்தப் பரிசோதனைக்கு. ஹெச்பிஏ1சி, கொழுப்பு, கிரியாட்டினின், யூரிக் அமிலம், தைராய்டு, வைட்டமின் டி, பி12 எல்லாம் பார்த்து, அந்தத் தாளோடு டாக்டரிடம் போய் உட்காருங்கள். சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். பாதாமிலும் பசலைக்கீரையிலும் ஆக்ஸலேட் அதிகம். பேலியோவில் இரண்டுமே தட்டில் குவியும்.

தமிழில் நாம் பேலியோ என்று சொல்வது அமெரிக்கப் பேலியோ இல்லை. 1975இல் வால்டர் வோக்ட்லின் என்ற குடல்நோய் மருத்துவர் கற்கால உணவைப் பற்றிப் புத்தகம் போட்டார். 1985இல் ஈட்டன், கானர் என்ற இருவர் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு கௌரவம் தந்தது. 2002இல் லோரன் கார்டெயின் எழுதிய புத்தகம் அதைப் பரவலாக்கியது. கார்டெயின் கணக்கில் பாலுக்கே இடமில்லை. நியாண்டர் செல்வன் என்பவரின் எழுத்து வழியாக இங்கே பரவியதில் பனீரும் நெய்யும் தயிரும் உண்டு. சைவர்களுக்கு அவை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. தானியம், பருப்பு, சர்க்கரை, கிழங்கு, பழம் கிடையாது. காலைக்கு நூறு பாதாம் என்ற சூத்திரம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அந்த நூறு ஏறத்தாழ 120 கிராம், 700 கலோரி. கிலோ விலையைப் பார்த்துவிட்டு நான் முட்டைக்கு மாறிவிட்டேன்.

கற்கால மனிதன் தானியமே தின்னவில்லை என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அதை நான் நம்புவதில்லை. கலிலேயாக் கடல் கரையில் ஓகாலோ என்ற இடத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன்பு காட்டு பார்லியை அரைத்த கல் கிடைத்திருக்கிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடி வாழும் ஹாட்சா மக்கள் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். எங்கள் குரோம்பேட்டைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் வெளிச்சத்துக்கு வந்தது அதிலிருந்துதான். அதே 1863இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்ற சவ அடக்க ஒப்பந்தக்காரர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டுத் தன் பருமனைக் குறைத்த கதையைச் சிறு நூலாக அச்சிட்டார். பேலியோவுக்குப் பாட்டன் யார் என்று கேட்டால் நான் கற்கோடரிக்காரரைக் காட்ட மாட்டேன், பாண்டிங்கைக் காட்டுவேன். நமக்குப் பலன் தருவது கற்காலம் இல்லை. மூன்று வேளை மாவுச்சத்தும் நான்கு மணி பிஸ்கட்டும் போய், அந்த இடத்தில் முட்டையும் மீனும் காய்கறியும் வருவதுதான்.

சரி, சமையலறைக்கு வருகிறேன். வீட்டில் மூன்று பேர் சோறு சாப்பிடுகிறவர்கள். எனக்குத் தனி அடுப்பு, தனிக் குழம்பு என்று தொடங்கியிருந்தால் பத்து நாள் தாண்டியிருக்காது. குழம்பு எல்லோருக்கும் ஒன்றே. மத்தி மீன் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு, முட்டைக் குழம்பு. அவர்கள் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். நான் ஒரு கிண்ணம் நிறைய புடலங்காயோ கோவைக்காயோ முட்டைக்கோஸோ பொரியலாக வைத்துக்கொண்டு துண்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். இதில் யாரும் சொல்லித்தராத ஒரு சங்கதி இருக்கிறது. நம் குழம்பின் உப்பும் காரமும் புளிப்பும் சோற்றை மனதில் வைத்துப் போடப்படுபவை. சோறு இல்லாமல் அப்படியே சாப்பிட்டால் நாக்கு எரியும், வயிறும் எரியும். அதனால் குழம்பு கொதித்து மீன் வெந்ததும், காரம் கரைத்த சாற்றை விட்டுத் துண்டங்களை எடுத்து, கொஞ்சம் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றித் தனியாக ஒரு கொதி விடுகிறேன். இரண்டு நிமிட வேலை.

காலிஃபிளவரைத் துருவிச் சோறு என்று சொல்லி ஏமாற்றிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அது சோறாகவும் இருக்காது, காலிஃபிளவராகவும் இருக்காது. மிளகும் பட்டாணி அளவு வெண்ணெயும் போட்டுக் காயாகவே வதக்கினால் அருமையாக இருக்கும்.

மீனில் மத்தி, நெத்திலி, அயிலை போதும். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் மத்தி ஒரு வாரத்துக்கு வரும்; ஒமேகா 3 கொழுப்பும் அதில் நிறைய. ஆட்டு ஈரல் வாரம் ஒரு தடவை. நான் சோறு தொடாதது மாமியாருக்குத்தான் தாங்கவில்லை. "ஏம்மா, ரெண்டு வாய் சோறு தின்னா என்ன குடியா முழுகிடும்?" என்று தினம் கேட்பார். "ரிப்போர்ட் வரட்டும் அத்தை, அப்புறம் பார்க்கலாம்" என்பேன். வாதம் செய்யாதீர்கள். தேதி சொல்லி ஒத்திவையுங்கள். அது வேலை செய்கிறது.

முதல் வாரத்துத் தலைவலிக்கு மாத்திரை போடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அது உப்புக் குறைவு. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியே விடும். கூடவே ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் கரையும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் போய்விடும். எடை மெஷினில் இரண்டு கிலோ குறைந்ததாகத் தெரிவது இந்தத் தண்ணீர்தான். அதைப் பார்த்துத் துள்ள வேண்டாம். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் அது திரும்பி வந்தால் அழவும் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் உப்பு, பகலில் உப்புப் போட்ட மோர், சாயங்காலம் ஆட்டுக்கால் சூப். எனக்குத் தலைவலியும் இரவில் கெண்டைக்கால் இழுப்பதும் இதில் நின்றன. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி ஜிம். எங்கள் பகுதி ஜிம்களில் நாற்பது தாண்டிய பெண் உள்ளே நுழைந்தாலே கை தானாக ட்ரெட்மில்லைக் காட்டும். "மேடம், நீங்க அரை மணி நேரம் இதுல நடங்க, போதும்" என்றார் பயிற்சியாளர்.

"நடக்கிறதை நான் ரோட்டுல நடந்துக்கிறேன் மாஸ்டர். எனக்கு வெயிட் தூக்கச் சொல்லிக் குடுங்க."

அவருக்கு ஆச்சரியம். பிறகு ஆர்வமாகவே கற்றுக்கொடுத்தார். நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்வீடனின் உமியோவில் சர்க்கரை நோயாளிகள் 32 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. எல்லோருக்கும் 12 வாரம் பேலியோ. பாதிப் பேருக்கு வழக்கமான உடற்பயிற்சி அறிவுரை மட்டும். மீதிப் பேருக்கு வாரம் மூன்று நாள், கண்காணிப்போடு ஒரு மணி நேரப் பயிற்சி. கொழுப்புக் குறைந்ததிலும் சர்க்கரை இறங்கியதிலும் இரு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. பயிற்சி செய்தவர்களின் இதய நுரையீரல் திறன் கூடியது. ஆண்களில், பயிற்சி இல்லாதவர்கள் கொழுப்பல்லாத எடையைச் சுமார் 2.6 கிலோ இழந்தார்கள், பயிற்சி செய்தவர்கள் 1.2 கிலோதான் இழந்தார்கள். எடை குறைப்பது தட்டின் வேலை, இருக்கிற தசையைக் காப்பது டம்பெல்லின் வேலை என்று நான் பிரித்துக்கொண்டது இதைப் படித்த பிறகுதான். மாதவிடாய் நிற்கும் வயதில் தசையும் எலும்பும் வேகமாகக் குறையும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வாரம் மூன்று நாள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, டம்பெல்லை நெஞ்சோடு பிடித்து ஸ்குவாட், பிறகு டெட்லிஃப்ட், முதுகுக்கு இழுப்பு, தோளுக்கு மேலே தள்ளுவது. இவ்வளவுதான். டெட்லிஃப்டைப் பெண்கள் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் நிரம்பிய கேஸ் சிலிண்டர் 30 கிலோ வரும். அதைப் பிடித்து நகர்த்துகிறவள் யார்? முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளித் தூக்கும் முறை பழகியபிறகு, வீட்டுக்கு வரும் 25 கிலோ அரிசி மூட்டையை நானே உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன். தின்னாவிட்டாலும் அரிசியோடு ஓர் உறவு இருக்கிறது.

மாவுச்சத்துக் குறைந்த உடம்பு நான்கைந்து தடவை கனமாகத் தூக்கிவிட்டு ஓய்வெடுப்பதை நன்றாகவே தாங்குகிறது. மூச்சு முட்டக் குதித்துக் குதித்துச் செய்யும் வேகப் பயிற்சிதான் இடிக்கிறது. அதற்குத் தசை கேட்பது கிளைகோஜன். ஜூம்பா வகுப்பில் கால் பாதியிலேயே நின்றுபோகிறதே என்று தோழி ஒருத்தி வருத்தப்பட்டாள். குறை அவள் உடம்பில் இல்லை. நான் பயிற்சி நாட்களில் மட்டும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்று சாப்பிடுகிறேன். கடும் பேலியோக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஹாட்சாக்காரர்கள் சுளிக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்துவது இயல்பில்லை, அதற்கு நிறுத்த வேண்டும். புரதத்தைக் கணக்குப் பார்த்தே சாப்பிடுங்கள். எடை தூக்குகிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் நல்ல அளவு. முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18, அதே அளவு கோழியில் 20க்கு மேல். கூட்டிப் பார்த்தால், இரண்டு முட்டையும் ஒரு கரண்டி மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் புரதம் போதும் என்று நினைக்கிறவர்கள் பாதி தூரம்கூட வரவில்லை என்பது தெரியும்.

மூன்று மாதம் கழிந்துதான் ஹெச்பிஏ1சி திரும்பப் பார்க்க வேண்டும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மூன்று மாதத்துக்கு முன்னால் பார்த்தால் பழைய கணக்கும் கலந்து வரும். எனக்கு 5.6 வந்தது. டிரைகிளிசரைடு நன்றாக இறங்கியது. எல்டிஎல் ஏறியது. 'பேலியோவில் எல்டிஎல் ஏறினால் பயமில்லை' என்று சொல்கிறவர்கள் நிறைய. என் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வெண்ணெய் டீயை விட்டேன், தேங்காயைப் பாதியாக்கினேன், மட்டனுக்குப் பதில் மீனைக் கூட்டினேன். அடுத்த பரிசோதனையில் இறங்கியிருந்தது.

அதே உமியோவில், மாதவிடாய் நின்ற 70 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த வேறொரு ஆய்வும் உண்டு. ஆறு மாதத்தில் ஒப்பீட்டு அணியைவிடப் பேலியோ அணிதான் அதிகக் கொழுப்பைக் குறைத்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த முந்துதல் பெரும்பாலும் கரைந்துவிட்டது. நாள் ஆக ஆகக் கடைப்பிடிப்பது தளர்ந்துவிடும் போலிருக்கிறது. அதனால் நான் தளர்வை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டேன். பொங்கலன்று பொங்கல் உண்டு, ஆடியில் அம்மன் கோயில் கூழ் உண்டு. மறுநாள் காலை முட்டை.

கல்யாணப் பந்திதான் இன்னும் சிக்கல். கூட்டு, பொரியல், அவியல், தயிர் இதிலேயே வயிறு நிறைந்துவிடும். அவற்றை இரண்டாம் தடவை கேட்டு வாங்க வெட்கப்படக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சோற்று வாளியோடு வருபவரிடம் இலை மீது கையை மறித்து "வேண்டாம் அண்ணே" என்றால், அவர் நகர மாட்டார். "சும்மா கொஞ்சமா வைக்கிறேன்மா" என்பார். நான் இப்போது இலையின் வலது பாதியை அவியலால் நிரப்பி வைத்துக்கொள்கிறேன். அவருக்கு வைக்க இடம் இருக்காது.