லயத்து முற்றத்திலிருந்து செய்மதி வேலைக்கு

2019 ஜூன் 17ஆம் திகதி, சர்வதேச விண்வெளி நிலையத்தின் கிபோ கூடத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி விண்வெளிக்குள் விடப்பட்டது. ஒவ்வொரு பக்கமும் சுமார் பத்து சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அதுதான் ராவணா-1. ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்த தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்கா என்ற இரு இலங்கைப் பொறியியலாளர்கள் அதை வடிவமைத்துக் கட்டினார்கள். மொறட்டுவை கட்டுபெத்தையில் இருக்கும் ஆதர் சி. கிளார்க் நவீன தொழினுட்ப நிறுவனம் இலங்கைப் பக்கத்துப் பங்காளி. நேபாளத்தின் முதல் செய்மதியும் கியூஷு நிறுவனத்தின் அதே திட்டத்தில், அதே நாளில்தான் வெளியே போனது.

இந்த வேலைக்கு ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பிள்ளைகள் வர முடியுமா? முடியும். கொழும்பில் ஆய்வுகூடம் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பல்கலைக்கழகங்கள் அனுப்பிய சிறு செய்மதிகளில் பல, மேலே போனபின் ஒரு தடவைகூடப் பேசவில்லை. வானொலித் தொடர்பைத் தரையிலேயே நன்றாகப் பரிசோதித்துப் பழகியவர்கள் குழுவில் இல்லாவிட்டால் அப்படித்தான் நடக்கும். அந்தப் பழக்கத்தை ஒரு லயத்து முற்றத்திலேயே தொடங்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் கேட்கப் பழகுங்கள்

தேவையானவை மூன்று: ஒரு பழைய மடிக்கணினி, யூஎஸ்பியில் செருகும் சிறிய எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் வானொலி) வாங்கி, ஓர் அன்டெனா. அன்டெனாவை நீங்களே செய்யலாம். 437 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளக் கம்பி 17 சென்ரிமீற்றர்தான். காந்த அடியுள்ள அன்டெனா என்றால் தகரக் கூரையின் மேல் வையுங்கள். கூரைத் தகரமே அதற்குத் தேவையான தரைத்தளமாக வேலை செய்யும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்குவது வழக்கம், ஆகவே வானம் இருட்டும்போதே கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

முதல் இலக்கு விண்வெளி நிலையம். அதன் அமெச்சூர் வானொலி 145.800, 437.800 மெகாஹேர்ட்ஸில் பேசும். அடுத்தது எஸ்ஓ-50 என்ற செய்மதி, 436.795 மெகாஹேர்ட்ஸ். எப்போது, எந்தத் திசையில் வரும் என்பதை ஜிபிரெடிக்ட் என்ற இலவச மென்பொருள் சொல்லும். செய்மதி செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதால், 437இல் அதன் குரல் எழும்போது சுமார் 10 கிலோஹேர்ட்ஸ் மேலேயும், மறையும்போது அதே அளவு கீழேயும் நிற்கும். உயர்தரப் பௌதிகவியலில் படித்த டொப்ளர் விளைவைத் திரையில் வளைகோடாகவே பார்க்கலாம்.

மலையகத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 400 கிலோமீற்றர் உயரத்தில் போகும் செய்மதி, தலைக்கு நேர் மேலாகக் கடக்கும்போது சமவெளியில் சுமார் பத்து நிமிடம் கேட்கும். இரு பக்கமும் 20 பாகை உயரத்துக்கு மலை நின்றால் நான்கு நிமிடமளவே மிஞ்சும். தாழ்வான கடப்புகள் கேட்கவே கேட்காது. இதைக் குறையாக எடுக்காமல் பாடமாக எடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, எழும் திசை, அதிகபட்சக் கோணம், முதலில் கேட்ட நேரம், குரல் அறுந்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் பள்ளத்தாக்கின் மலை விளிம்பு அந்த எண்களில் வரைபடமாக வந்துவிடும். தரை நிலையம் அமைக்கும் பொறியியலாளரும் இதே வேலையைத்தான் முதலில் செய்வார். நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் எடுத்துப் போங்கள்.

பேச அனுமதிப்பத்திரம் எடுங்கள்

கேட்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம். அமெச்சூர் வானொலிக்கான பரீட்சையை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நடத்துகிறது. தொடக்க நிலை, பொது நிலை, உயர் நிலை எனப் படிப்படியாக ஏறலாம். தேறியவருக்கு ‘4எஸ்’ என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முன்பும் ஆணைக்குழுவின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலங்கை வானொலிச் சங்கத்தில் அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியின்போது ஹம்பாந்தோட்டைக்குப் போய் வானொலித் தொடர்பை ஏற்படுத்தியவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். அழைப்புக்குறி உள்ள ஒருவரின் பக்கத்தில் இருந்து கற்றால் புத்தகத்தில் புரியாதது சட்டென்று புரியும்.

ஒரு கிலோ பெட்டிக்குள் ஆறு வேலைகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசட் என்ற செய்மதி 2009இல் போனபோது அதன் எடை 40 கிலோ. 2011இல் போன எஸ்ஆர்எம்சட் 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ராவணா-1 போலப் பத்து சென்ரிமீற்றர் பெட்டிக்குள் செய்மதியைக் கட்டும் கியூப்சட் முறை வந்தபின் ஒரு கிலோவே போதும் என்றாகிவிட்டது. ஆனால் வேலைப் பிரிவுகள் குறையவில்லை: மின்சாரம், தொடர்பு, உள் கணினி, உடற்கூடு, ஆய்வுக் கருவி, தரை நிலையம். ஆளுக்கொன்றைப் பொறுப்பெடுத்தாலும், மற்றவருடைய வேலையும் தெரிந்தவராலேயே குழு நகரும்.

மின்சாரத்தையே பாருங்கள். சூரியத் தகடுகள் தருவது சுமார் 2 வாட். தொண்ணூற்றிரண்டு நிமிடச் சுற்றில் ஏறக்குறைய 35 நிமிடம் நிழல். அந்த நேரம் முழுவதும் பற்றரிதான் கை கொடுக்க வேண்டும். தோட்டத்துத் தொழிற்சாலையில் மின் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எதை எப்போது நிறுத்துவது என்பதே கேள்வி.

இன்னொன்று, அன்டெனா. ரொக்கட்டில் போகும்போது பல கியூப்சட்களின் அன்டெனா மடக்கி, மீன்பிடி நைலோன் நூலால் கட்டப்பட்டிருக்கும். விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விட்டபின் குறைந்தது 30 நிமிடம் அன்டெனாவை விரிக்கவோ ஒலிபரப்பவோ கூடாது என்பது விதி. பிறகு ஒரு சிறு நிக்குரோம் கம்பி சூடாகி நூலை உருக்கும், அன்டெனா விரியும். நூல் அறாவிட்டால் செய்மதி ஊமை. ஆகவே இந்த ஒரே வேலையைக் குளிரிலும் சூட்டிலும், பற்றரி நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். நிக்குரோம் கம்பி, நைலோன் நூல், பற்றரி மூன்றும் இருந்தால் ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பாடசாலை ஆய்வுகூடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். எத்தனை வோல்ற்றில் எத்தனை செக்கனில் நூல் அறுகிறது என்று அட்டவணை போடுங்கள். பொறியியல் பழக்கம் அங்கேதான் உருவாகும்.

அலைவரிசைக்கும் ஒழுங்கு உண்டு. அமெச்சூர் அலைவரிசையைக் கேட்கும் குழு, சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்துடன் அதை ஒருங்கிணைக்க வேண்டும். நாட்டின் ஆணைக்குழு வழியாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கும் அறிவிக்க வேண்டும். செய்மதி அனுப்பும் தரவின் வடிவத்தை எல்லாருக்கும் வெளியிட வேண்டும். வியாபாரத்துக்கு அந்த அலைவரிசையைத் தொடக்கூடாது.

மேலே போனபின்

இயக்கும் வேலை பொறுமையைக் கேட்கும். ஒரு கடப்பில் சில நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் பற்றரி வோல்ற்றளவையும் வெப்பநிலையையும் படித்து, கட்டளை அனுப்பி, பதில் வந்ததா என்று பார்த்து, எழுதி முடிக்க வேண்டும். எந்த நிமிடத்தில் யார் என்ன செய்வது என்பதை முதல் நாளே தாளில் எழுதி வைப்பதே நல்ல குழுவின் அடையாளம்.

தன் நாட்டு வானத்தில் செய்மதி இல்லாத நேரம் உலகமே உதவும். அடையாளக் குறியை மோர்ஸில் அனுப்பும் செய்மதியை பிரேசிலிலோ ஜேர்மனியிலோ ஓர் அமெச்சூர் வானொலியாளர் கேட்டு, குழுவுக்கு அனுப்பி வைப்பார். சட்நொக்ஸ், டைனிஜிஎஸ் போன்ற திறந்த வலையமைப்புகளில் எவரும் தன் நிலையத்தைச் சேர்க்கலாம். நுவரெலியாவிலிருந்து ஒரு நிலையம் ஒழுங்காகத் தரவு தந்தால், உலகெங்கும் உள்ள குழுக்களுக்கு அந்தப் பெயர் தெரியவரும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியது. அதை மறக்க முடியாத நமக்கு, ராவணா-1இன் சோதனைகளில் ஒன்று நேரடியாகப் பொருந்தும். மிகக் குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் தரவு அனுப்பும் லோரா முறையை அது விண்வெளியில் பரிசோதித்தது. மின்சாரமும் கைத்தொலைபேசிக் கோபுரமும் விழுந்த நாளில், மலை உச்சியின் மழை அளவைக் கீழே கொண்டுவர இப்படிப்பட்ட முறை உதவும்.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்ற படிகளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுகிறது. மழைமானியை அளந்து புத்தகத்தில் எழுதுவது தோட்டங்களில் பழைய வழக்கம். அந்த மானியில் ஒரு லோரா அலகைப் பொருத்தி, அனுமதிக்கப்பட்ட அலைவரிசையில், மலைமேலிருந்து தொழிற்சாலை வரை எண் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது உயர்தர மாணவர் குழு ஒன்றின் செயற்றிட்டமாகலாம். உயிர் காக்கும் வேலைக்கும் செய்மதி வேலைக்கும் வேண்டிய திறமை ஒன்றுதான்.

படிப்பு, புலமைப்பரிசில், வேலை

பல்கலைக்கழகத்துக்கு இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல், கணினிப் பொறியியல், பௌதிகவியல் ஆகியவை நேர் வழிகள். வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால் இலத்திரனியல் தொழிற்பயிற்சியும் நல்ல வழிதான். சுத்தமாகச் சோல்டர் பிடிக்கத் தெரிந்தவர் எந்தக் குழுவிலும் மதிப்புள்ளவர். பட்டத்துக்குப் பிறகு, ஐக்கிய நாடுகள் விண்வெளி அலுவலகமும் ஜப்பானும் சேர்ந்து கியூஷுவில் சிறு செய்மதிப் பட்டமேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் தருகின்றன. அதே அலுவலகம் ஜப்பானிய விண்வெளி நிறுவனத்துடன் நடத்தும் கிபோகியூப் திட்டம், வளரும் நாடுகளின் கியூப்சட்டைக் கட்டணமின்றி விண்வெளியில் விடுகிறது. கென்யா 2018இல் தன் முதல் செய்மதியை அப்படித்தான் அனுப்பியது.

செய்மதி வேலை உடனே கிடைக்காவிட்டாலும் கற்றது வீணாகாது. தொலைபேசி நிறுவனங்கள், ஒலிபரப்பு நிலையங்கள், விமான நிலையத் தொடர்புப் பிரிவு, வளிமண்டலவியல் திணைக்களம் எல்லாம் இதே அறிவைத்தான் தேடுகின்றன.

இந்தத் தவணைக்குள் செய்யுங்கள்

நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி ஒன்றை வாங்குங்கள். விஞ்ஞான ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாளராகக் கேளுங்கள். விண்வெளி நிலையத்தைக் கேட்டுப் பதிவுக் கொப்பியைத் தொடங்குங்கள். அனுமதிப் பரீட்சையின் பாடத்திட்டத்தை எடுத்து வாரம் ஒரு பகுதி படியுங்கள். ஆதர் சி. கிளார்க் நிறுவனத்துக்கு உங்கள் பதிவுகளோடு ஒரு கடிதம் எழுதி, பார்வையிட அனுமதி கேளுங்கள்.

ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, தோட்ட அதிகாரிகளே, இந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது ஒரு மேசை, ஒரு மின் இணைப்பு, கூரைமேல் கம்பி கட்ட ஓர் அனுமதி. ராவணா-1 2021இல் வளிமண்டலத்தில் எரிந்து தன் பணியை முடித்துக்கொண்டது. அடுத்த இலங்கைச் செய்மதிக் குழுவில் மலையகத்துப் பெயர் ஒன்று இருக்க வேண்டுமானால், அந்த மேசையை இந்த வருடமே போட்டுக் கொடுங்கள்.