பூட்டிய பேழையும் திறந்த ஏடும்

(இளம் அறிவியல், தாவரவியல் – இரண்டாம் ஆண்டு)

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்று நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்தோம். ஆனால் அச்செல்வத்தைச் சேர்த்து வைத்துள்ள நூலகங்களும் அருங்காட்சியகங்களும் எத்தனை பேருக்கு எட்டும் தொலைவில் உள்ளன? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இலண்டன் இருக்கட்டும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வருவதே என் போன்றோருக்குப் பெரும் செலவு. அத்தகைய கதவுகள் இணையத்தின் வழியே திறப்பது பற்றி நான் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

விதையும் நிலமும்

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பெற்றது. தமிழ்ப் பதிப்பு 2003-இல் பிறந்தது. ஊதியம் பெறாத தன்னார்வலர்களே இதனை எழுதுகின்றனர். எழுதுவதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவர்களிடம் ஆர்வமும் உழைப்பும் மிகுதி. சான்றும் நல்ல படங்களும் குறைவு. அருங்காட்சியகத்திலோ மூலப்பொருளும் அதனை அறிந்த அறிஞரும் உண்டு. மூலைமுடுக்கில் உள்ள மாணவனிடம் அதைக் கொண்டு சேர்க்க வழியில்லை. ஒருவரிடம் விதை, மற்றவரிடம் நிலம். இருவரும் கூடினால் விளைச்சலுக்குக் குறைவேது?

இலண்டனில் இரு நிகழ்ச்சிகள்

2009-இல் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம், தன் வலைத்தளத்திலிருந்து 3,000-க்கு மேற்பட்ட ஓவியப் படங்களை எடுத்து விக்கிமீடியாப் பொதுவகத்தில் சேர்த்த அமெரிக்கத் தன்னார்வலர் ஒருவருக்கு வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது. ஓவியங்கள் பழையவை ஆயினும், அவற்றைப் படம்பிடிக்கப் பொருள் செலவிட்டது தாமே என்பது காட்சியகத்தின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட இயலாது. பணமின்றி எந்தக் காட்சியகமும் நடவாது.

மறு ஆண்டு, அதே நகரின் பிரித்தானிய அருங்காட்சியகம் வேறு வழியில் சென்றது. லியம் வையாட் என்னும் ஆஸ்திரேலியத் தன்னார்வலரை ஐந்து வாரம் தன்னிடமிருந்து பணியாற்ற ஏற்றுக்கொண்டது. உள்ளிருக்கும் அறிஞர்களையும் வெளியிலுள்ள எழுத்தாளர்களையும் இணைப்பதே அவர் பணி. இருசாராரும் ஒரு நாள் கூடியமர்ந்து, ஹாக்சன் புதையல் பற்றிய கட்டுரையைச் செம்மை செய்தனர்.

1992-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடிச் சென்ற ஒருவர் கண்டெடுத்தது அப்புதையல். ரோமானியர் காலத்து நாணயங்கள் மட்டும் 14,000-க்கு மேல். அவற்றோடு நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்களும் இருந்தன! பைப்பர் நைக்ரம் என்று நாம் வகுப்பில் படிக்கும் கொடி, நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் காய்த்துக் கடல் கடந்து சென்ற வரலாறு அச்சிமிழ்களில் அடங்கியுள்ளது. பேழைக்குள் இருக்கும் அவ்வுறவை ஒரு காசும் செலவின்றி நான் அறிந்துகொண்டேன்.

கொடுத்தவர்க்கும் பயன்

2008-இல் செர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 80,000-க்கு மேற்பட்ட நிழற்படங்களைப் பொதுவகத்துக்கு வழங்கியது. அவற்றின் குறிப்புகளில் இருந்த பல பிழைகளைத் தன்னார்வலர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கொடுத்தவர் பட்டியலே திருந்தியது. எனினும், படங்களை எடுத்தாண்டோர் பலர் மூலத்தைக் குறிப்பிடவில்லை என்ற குறையும் எழுந்தது. பெறுவோர் நன்றியுடன் பெயர் சுட்டினால்தான் கொடுப்போர் கை நீளும்.

கொடுக்காமலே அழிந்தால் என்னாகும்? 2018 செப்டம்பர் 2 இரவு, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் 200 ஆண்டுப் பழமையுள்ள தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழ இரண்டு கோடிப் பொருள்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதன்பின் விக்கிப்பீடியர்கள், அங்குச் சென்றுவந்த மக்களிடம் அவர்கள் எடுத்த படங்களைத் தருமாறு வேண்டினர். தீ பரவுமுன் எடுத்த படமே எஞ்சிய சான்று. பூட்டு திருடனைத் தடுக்கும், தீயைத் தடுக்குமா?

நாம் செய்யத்தக்கது

தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் ஏறத்தாழ 2,000 நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்பால் விக்கிமூலத்தில் சேர்ந்துள்ளன. அச்சுப் பக்கத்தின் படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும். கால் எழுத்தை ரகரமாகவும் ரகரத்தைக் காலாகவும் அது மயங்கும். படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து ஒருவர் திருத்துவார். பக்கம் மஞ்சள் நிறக் குறி பெறும். மற்றொருவர் சரிபார்த்தபின் பச்சை பெறும். இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் நம் நாட்டில் நூலின் பதிப்புரிமை முடிகிறது. நம் கல்லூரி நூலகத்தின் பழைய அடுக்குகளில் அத்தகைய நூல்கள் உண்டா என்று, நூலகர் ஐயாவின் ஒப்புதலோடு மாணவர் நாம் பட்டியலிடலாம். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால் வாரத்துக்கு ஆளுக்கொரு பக்கம் திருத்தலாம். இதுவரை பிறர் எழுதியதைப் படித்தே வந்தோம். நமக்குப் பின் இப்படிகளில் ஏறிவரும் தம்பி தங்கையர்க்கு ஒரு பக்கமேனும் பிழையின்றி விட்டுச் செல்வோம்.