எந்த ரெகுலேஷனில் பதிவு?

அன்புள்ள யாழினி,

பிஎச்.டி. பதிவு கிடைத்துவிட்டதென்று உன் அப்பா சொன்னான். மகிழ்ச்சி. கைடு யார், தலைப்பு என்ன என்று இதற்குள் உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரியவேண்டியது வேறு: எந்த ஆண்டு ரெகுலேஷனில் உன்னைப் பதிந்திருக்கிறார்கள்?

அத்தை ஆரம்பித்துவிட்டாள் என்று சலித்துக்கொள்ளாதே. அகாடமிக் கவுன்சிலில் சில ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவள் சொல்கிறேன்.

அந்தக் கவுன்சில் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியபோது தேர்வு வைத்துப் பட்டம் தருவதுதான் அதன் வேலை. பாடம் நடத்தியவை கல்லூரிகள். செனட்டுக்கும் சிண்டிகேட்டுக்கும் பக்கத்தில் அகாடமிக் கவுன்சிலை உட்காரவைத்தது 1923-ம் ஆண்டுச் சட்டம். நான் இருந்தது வேறு பல்கலைக்கழகம், ஆனால் ஏற்பாடு ஏறக்குறைய அதேதான். பணமும் பணிநியமனமும் சிண்டிகேட்டின் பாடு. பாடத்திட்டம், தேர்வு, சேர்க்கைத் தகுதி எல்லாம் கவுன்சிலுக்கு வரும்.

எம்.ஏ.வில் ஒரு புதிய தாள் வேண்டுமென்றால் துறை அதை எழுதி, பாடத்திட்டக் குழுவில் வைக்கும். உண்மையான சண்டை அங்கேதான். எந்த யூனிட்டை வெட்டுவது, யாருடைய புத்தகத்தைச் சேர்ப்பது என்று மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் இழுக்கும். அதே தாள் கவுன்சிலுக்கு வரும்போது தடித்த அஜெண்டாவில் ஓர் இணைப்பாகக் கிடக்கும். பதிவாளர் எண்ணை வாசிப்பார், "ஏற்கப்பட்டது" என்பார், ஒரு நிமிடம்கூட ஆகாது. முதலில் எனக்கு இது கூத்தாகத்தான் பட்டது. ஆனால் இயற்பியல் தாளில் எந்த யூனிட் வேண்டும் என்று தமிழ்ப் பேராசிரியர் எப்படிச் சொல்வார்? அவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இது எந்த பேட்ச் முதல் அமலுக்கு வருகிறது? பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவனுக்கு இன்னும் எத்தனை முறை பழைய வினாத்தாள் வரும்? அதற்குப் பிறகு அவன் எந்தத் தாளை எழுதுவான்? இணைப்பின் கடைசி வரியில் இதற்கெல்லாம் பதில் இல்லையென்றால், இரண்டு வருடம் கழித்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலக வாசலில் ஒரு பையன் கையில் மனுவோடு நிற்பான். நல்ல உறுப்பினர் என்று நான் மதித்தவர்கள் எல்லோரும் அந்தக் கடைசி வரியை முதலில் படிப்பவர்கள்.

ஆராய்ச்சிக்கும் இதே கதைதான். யு.ஜி.சி.யின் இப்போதைய பிஎச்.டி. விதி 2022 நவம்பர் 7 அன்று வெளியானது. அதற்கு முன் பதிந்தவர்களுக்குப் பழைய விதிதான். எம்.ஃபில்.லையும் 2022 விதிதான் நிறுத்தியது. ஆனால் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களை அது தொடவில்லை. உனக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு கிடைக்கும். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. இப்போது உனக்கு அது தேவைப்படாது, ஆனால் தெரிந்திருக்கட்டும். கேட்காதவர்களுக்கு யாரும் தேடிவந்து சொல்வதில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதைக் கேட்கலாம். சில கேட்கவும் செய்கின்றன. அதனால் யு.ஜி.சி. விதியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. சீனியர் சொன்னார் என்பதையும் நம்பாதே. அவருடைய ரெகுலேஷன் வேறாக இருக்கலாம்.

கைடோடு ஒத்துப்போகவில்லை, கோர்ஸ் ஒர்க் மதிப்பெண் வரவில்லை என்றால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதே. துறைத்தலைவர் வழியாக எழுதிக் கொடு, நகலில் தேதியோடு முத்திரை வாங்கு. அங்கே தீரவில்லையென்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. அதன் முடிவும் சரியில்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 2023-ம் ஆண்டு யு.ஜி.சி. விதி தரும் உரிமை அது.

பதிவுக் கடிதத்தை எனக்கு அனுப்பு. அப்பாவிடம் கொடுக்காதே, பாதி ஓரம் வெட்டுப்பட்ட போட்டோவாக அனுப்புவான். நீயே ஸ்கேன் செய்து அனுப்பு.

அன்புடன்,
அத்தை