கேசரியில் தொடங்குங்கள்!

அம்மா, அப்பாவின் 40ஆவது திருமண நாளுக்கு 80களின் பாணியில் வீட்டிலேயே இரவு விருந்து வைக்க ஆசை. இருபது பேர் வருவார்கள். என்னென்ன சமைக்கலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

அருமையான யோசனை! முதலில், அவர்கள் கல்யாண வரவேற்பில் என்ன பரிமாறினார்கள் என்று அத்தை, சித்தியிடம் விசாரியுங்கள். அதில் ஒன்றாவது இலையில் இருக்கட்டும்.

வந்தவர்களுக்கு ரோஸ்மில்க் கொடுங்கள். அந்தக் காலத்துக் குளிர்பானமான கோல்டு ஸ்பாட் இப்போது கிடைக்காது. பன்னீர் சோடா கிடைக்கும். அடுத்து கேசரி, உருளைக்கிழங்கு போண்டா, தேங்காய்ச் சட்னி. கேசரிக்கு அரைக் கிலோ ரவை தாராளம். நெய்யில் வறுத்து, இரண்டரைப் பங்கு கொதிநீரில் வேகவிட்டு, வெந்த பிறகே சர்க்கரை சேருங்கள். முன்னால் போட்டால் ரவை வேகாது. ஆரஞ்சு நிறம் கட்டாயம். சின்னக் கிண்ணத்தில் அழுத்தி இலையில் கவிழ்த்து, உச்சியில் ஒரு முந்திரி வையுங்கள். அந்தக் காலமே கண்முன் வந்துவிடும்.

பிறகு பூரி, பட்டாணிக் குருமா, தயிர்சாதம், ஊறுகாய் போதும். பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியனை உள்ளே விடாதீர்கள். கடைசியில் வெனிலா ஐஸ்கிரீம், தட்டையான மரக் கரண்டியோடு.

பூரியை மட்டும் முன்கூட்டியே பொரித்து வைக்காதீர்கள். மாவைப் பிசைந்து வைத்துக்கொண்டு, எல்லோரும் உட்கார்ந்த பிறகு எண்ணெயைக் காயவையுங்கள். அம்மாவை அன்று அடுப்படிப் பக்கமே விடாதீர்கள். எங்கள் வாழ்த்துகளையும் அவர்களிடம் சொல்லுங்கள்!