பரவை மார்க்கெட் சிட்டையும் எஸ்க்யூஎல் கணக்கும்

டிபிஎம்எஸ் லேப்பில் நாம எல்லோரும் எழுதின கொயரி ஒன்னு உண்டு. எம்ப்ளாயி டேபிள், சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுச் சம்பளம். அவுட்புட் வந்தது, ரெக்கார்டு நோட்டில் ஒட்டினோம், கையெழுத்து வாங்கினோம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான். அந்த ஒரு வரிக்குள்ளே எத்தனை குழி இருக்குன்னு எனக்குக் காட்டினது லேப் இல்லை, பரவை காய்கறி மார்க்கெட்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் வந்தால் எங்க ஊர் பரவை. மொத்த வியாபாரக் காய்கறி மார்க்கெட் இங்கே இருக்கு. சொந்தத்தில் ஒரு மாமா அங்கே கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறார். செகண்ட் இயர் லீவில் என்னைப் பிடிச்சு, "கம்ப்யூட்டர்தானே மாப்ளே படிக்கிறே, இந்தச் சிட்டையையெல்லாம் அதுல ஏத்திக் குடு" என்றார். பெருமையாத்தான் இருந்தது. ரெண்டே நாளில் ஏத்திட்டேன். தப்பாகத்தான் ஏத்தியிருக்கேன்னு தெரிய மூணு வாரம் ஆச்சு.

கணக்கு இதுதான். விவசாயி காயைக் கொண்டுவந்து இறக்குவார். கடைக்காரர் விற்றுக் கொடுப்பார். விற்ற தொகையில் கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை மூன்றையும் கழித்து மீதியை விவசாயி கையில் கொடுப்பார். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வச்சுப்போம். அப்போ 'வரவு' என்ற டேபிளில் நாள், காய், எடை, விலை, கூலி, வாடகை இருந்தால் போதும். தொகை, கமிஷன், கைக்கு வரும் பணம் எல்லாமே இவற்றிலிருந்து கணக்குப் போட்டு எடுக்கிறவை. இதைத்தான் பாடப் புத்தகம் 'கணக்கிடப்பட்ட புலம்' என்கிறது. டேபிளில் அப்படி ஒரு ஃபீல்டு கிடையாது. கொயரி ஓடும்போது பிறக்கும், ரிசல்ட்டில் மட்டும் தெரியும்.

செலக்ட் நாள், காய், எடை * விலை ஆஸ் தொகை
ஃப்ரம் வரவு;

(எஸ்க்யூஎல் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கேன், டைப் பண்ணும்போது ஆங்கிலத்தில் அடிச்சுக்கோங்க. ஆனா டேபிள் பெயரையும் ஃபீல்டு பெயரையும் நிஜமாவே தமிழில் வைக்கலாம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் மூணுமே ஏத்துக்கும். போஸ்ட்கிரெஸில் மட்டும் ஒரு பெயர் 63 பைட்டுக்குள் இருக்கணும். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கொ' மாதிரி எழுத்துக்கு மெய், துணைக்குறி என்று ரெண்டு குறி. அதனால் 21 குறிக்குள் பெயரை முடிச்சுடுங்க.)

தொகையை ஏன் டேபிளிலேயே ஒரு ஃபீல்டாகப் போட்டு வைக்கக்கூடாது? நான் முதலில் அப்படித்தான் போட்டேன். ஒரு நாள் தராசு எடையை 210 என்று தப்பாக ஏத்திட்டு, மாமா பிறகு 201 என்று திருத்தினார். எடை மாறிடுச்சு, தொகை பழைய 210-க்கே நின்னுடுச்சு. ஒரே ரோவுக்குள்ளே ரெண்டு உண்மை. எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாடலை முன்வைத்தார், அடுத்த வருஷமே தேர்டு நார்மல் ஃபார்ம் வந்தது. சாவி அல்லாத ஒரு ஃபீல்டு, சாவி அல்லாத இன்னொரு ஃபீல்டைச் சார்ந்து நிற்கக்கூடாது என்று அது சொல்றது இதுக்குத்தான். தொகை சார்ந்து நிற்பது எடையையும் விலையையும். எக்ஸாமில் அந்த வரையறையைப் பத்து தடவை எழுதியிருப்பேன், 210 என்றும் 201 என்றும் பார்த்த அன்னைக்குத்தான் புரிஞ்சது.

காலியா இருந்த வாடகை

இப்போ பெரிய குழிக்கு வருவோம். தொகை ஃபீல்டைத் தூக்கிட்டு, கைக்கு வரும் பணத்தை இப்படி எழுதினேன்:

எடை * விலை - எடை * விலை * 10 / 100 - கூலி - வாடகை

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் விவசாயி ஒருத்தர் ஒரு வாரத்தில் மூணு தடவை காய் இறக்கியிருந்தார். தக்காளி 200 கிலோ, கிலோ 18 ரூபாய், கூலி 60, வாடகை 250. கத்தரி 120 கிலோ, 25 ரூபாய், கூலி 40, வண்டி அவருடையதே. வெண்டை 80 கிலோ, 30 ரூபாய், கூலி 30, வாடகை 100. வாரக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் மொத்தம் 4960 ரூபாய். அவர் சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்தார். "தம்பி, நீங்க கூட்டிப் பாருங்க. எனக்கு 7620 வருது."

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு நான் சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லலை.

கூட்டினால் தக்காளிக்கு 2930, வெண்டைக்கு 2030. கத்தரிக்கு? கட்டம் காலி. சொந்த வண்டி என்பதால் வாடகை இடத்தில் நான் எதுவுமே ஏத்தலை. அது பூஜ்யம் இல்லை, எஸ்க்யூஎல் மொழியில் 'நல்'. நல் என்றால் 'தெரியாது' என்று பொருள். 2660 ரூபாயிலிருந்து தெரியாத ஒன்றைக் கழித்தால் விடையும் தெரியாது, அதுவும் நல். இதுவரைக்கும் நியாயம். அதுக்கு மேலே 'சம்' ஃபங்ஷன் என்ன பண்ணும் தெரியுமா? நல் இருக்கிற ரோவைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிடும். எரர் வராது, எச்சரிக்கையும் எதிர்பார்க்க முடியாது. 2660 ரூபாய், ஒரு மனுஷனோட ஒரு நாள் கத்தரி, கணக்கிலிருந்து காணாமல் போயிடுச்சு. அவரிடம் சீட்டு இருந்ததால் தப்பிச்சோம். சீட்டு வச்சுக்காத எத்தனை பேர் அந்த மூணு வாரத்தில் வந்து போனாங்களோன்னு பயந்து, ராத்திரி உட்கார்ந்து எல்லா ரோவையும் சரிபார்த்தோம். மாமா திட்டலை. அது இன்னும் கஷ்டமா இருந்தது.

இதுக்கு மருந்து 'கோலெஸ்' ஃபங்ஷன்:

எடை * விலை - எடை * விலை * 10 / 100 - கூலி - கோலெஸ்(வாடகை, 0)

வாடகை நல்லாக இருந்தால் 0 என்று எடுத்துக்கொள் என்று அர்த்தம். சரி, கண்ட இடத்திலெல்லாம் கோலெஸ் போட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. விலைக்கு ஒருபோதும் இப்படிப் போடாதீங்க. விலை நல் என்றால் காய் இன்னும் விற்கலை என்று பொருள். அதைப் பூஜ்யமாக்கினால் காயைச் சும்மா தூக்கிக் கொடுத்ததா ஆயிடும். கைக்கு வரும் பணமும் மைனஸில் போய், விவசாயியே கடைக்குக் கூலி பாக்கி வச்ச மாதிரி காட்டும். எந்தக் காலிக்கு 'இல்லை' என்று அர்த்தம், எந்தக் காலிக்கு 'இன்னும் தெரியலை' என்று அர்த்தம் என்பதை மார்க்கெட்டில் இருக்கிறவங்ககிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணணும், மேனுவல் சொல்லாது. கடைசியில் வாடகை ஃபீல்டுக்கு 'நாட் நல் டீஃபால்ட் 0' என்று டேபிளிலேயே வச்சுட்டேன். விலையை அப்படியே விட்டுட்டேன்.

அடைப்புக்குறி தின்ற கமிஷன்

மேலே 10 / 100 என்பதைக் கடைசியில் பெருக்கி வகுத்திருக்கேன், கவனிச்சீங்களா? அழகா இருக்கட்டும்னு அதை (10 / 100) என்று அடைப்புக்குள் போட்டுப் பாருங்க. போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றிலும் கமிஷன் பூஜ்யம் ஆயிடும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அவை முழு எண்ணைத்தான் தரும், தசமம் உதிர்ந்துடும். மைஎஸ்க்யூஎல் 0.1 என்றே தரும், ஆரக்கிளும் அப்படித்தான். அதனால்தான் லேப்பில் மைஎஸ்க்யூஎல்லில் ஓடின கொயரி, ப்ராஜெக்ட்டில் போஸ்ட்கிரெஸுக்கு மாறினதும் வேற விடை சொல்லும். 10.0 என்று ஒரு புள்ளி வச்சுட்டால் போதும், தப்பிச்சுடலாம்.

மார்க்கெட் உதாரணம் தூரமாத் தெரிஞ்சால், நம்ம எல்லோரையும் இந்தக் காலேஜுக்குக் கொண்டுவந்த கணக்கையே எடுத்துக்கோங்க. கட்-ஆஃப். கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணக்கு 98, இயற்பியல் 95, வேதியியல் 97 வாங்கின ஒருத்தருக்கு 98 + 47.5 + 48.5, அதாவது 194. மார்க் ஃபீல்டு முழு எண்ணாக இருந்து, 2-ஆல் வகுத்து, போஸ்ட்கிரெஸில் ஓட்டினால் 98 + 47 + 48, அதாவது 193. ஒரு மார்க் போச்சு. கவுன்சலிங்கில் ஒரு மார்க்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சராசரியின் சராசரி

மாமா கேட்ட அடுத்த கேள்வி: "இந்த வாரம் கத்தரி சராசரி என்ன விலைக்குப் போச்சு?" நான் உடனே 'ஏவிஜி(விலை)' என்று போட்டேன். திங்கள்கிழமை 800 கிலோ 12 ரூபாய்க்கு, வெள்ளிக்கிழமை வரத்து குறைஞ்சு 50 கிலோ மட்டும் 30 ரூபாய்க்கு. ஏவிஜி 21 என்றது. மாமா சிரிச்சுட்டார். "21 ரூபாய்க்கு வித்திருந்தா விவசாயி எதுக்குப்பா மூஞ்சியத் தூக்கிட்டுப் போறாரு?"

சரியான கணக்கு: சம்(எடை * விலை) / சம்(எடை). 11100-ஐ 850-ஆல் வகுத்தால் 13 ரூபாய் 6 காசு. முதலில் ஒவ்வொரு ரோவிலும் பெருக்கு, பிறகு கூட்டு, கடைசியில் வகு. இந்த வரிசை மாறினால் விடை மாறும்.

'வேர்' ஏன் தொகையை அறியாது?

புதுசா எழுதுற எல்லாரும் மோதுகிற சுவர் இது. செலக்ட்டில் 'ஆஸ் தொகை' என்று பெயர் வச்சாச்சே என்று, 'வேர் தொகை > 5000' என்று எழுதுவோம். அப்படி ஒரு ஃபீல்டே இல்லை என்று எரர் வரும். காரணம், நாம எழுதுகிற வரிசை வேற, அது நடக்கிற வரிசை வேற. முதலில் ஃப்ரம், பிறகு வேர், குரூப் பை, ஹேவிங், அதுக்கப்புறம்தான் செலக்ட், கடைசியில் ஆர்டர் பை. வேர் ஓடும்போது தொகை இன்னும் பிறக்கவே இல்லை. ஆர்டர் பை வரும்போது பிறந்தாச்சு, அதனால் 'ஆர்டர் பை தொகை' என்றால் வேலை செய்யும். (எஸ்க்யூலைட் மட்டும் தாராள மனசோடு வேரிலும் விட்டுடும். அதை நம்பிப் பழகாதீங்க.) வழி என்ன? வேரில் எடை * விலை > 5000 என்று கணக்கையே திரும்ப எழுதலாம். அல்லது முழுசையும் ஒரு வியூவாகப் போட்டுட்டு, அந்த வியூவிலிருந்து கேட்கலாம். எனக்கு வியூதான் பிடிக்கும். கணக்கு ஒரே இடத்தில் இருக்கும், திருத்தினாலும் ஒரே இடத்தில் திருத்தலாம்.

டேபிளிலேயே கணக்கைச் சேர்த்து வைக்கிற வசதியும் இப்போ உண்டு, 'ஜெனரேட்டட் காலம்' என்று பெயர். மைஎஸ்க்யூஎல்லில் 5.7-இலிருந்து, போஸ்ட்கிரெஸில் 12-இலிருந்து. எடையைத் திருத்தினால் தொகை தானே மாறும். என்னோட 210, 201 சண்டை அங்கே வராது.

எதைச் சேமிச்சே ஆகணும்

எல்லாத்தையும் கணக்குப் போட்டே எடுத்துக்கலாம் என்று கிளம்பிடாதீங்க. மேலே உள்ள கொயரியில் 10 என்பதை நேரடியா எழுதியிருக்கேன். நாளைக்குக் கமிஷன் 8 ஆனால்? கொயரியில் 8 என்று மாத்தினால் போன வருஷச் சீட்டெல்லாம் 8-க்கு மாறிடும். விவசாயி கையில் இருக்கிற சீட்டும் நம்ம ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாது. அன்னைக்கு என்ன விகிதமோ அதை அந்த ரோவிலேயே எழுதி வைக்கணும். விகிதம் ஒரு தகவல், கமிஷன் தொகை ஒரு கணக்கு.

கட்-ஆஃபிலும் இதே கதைதான். 2018 வரை பிளஸ் டூவில் ஒரு பாடத்துக்கு 200 மார்க், அதனால் கணக்கை 2-ஆலும் மற்ற ரெண்டையும் 4-ஆலும் வகுக்கணும். 2019 மார்ச் தேர்விலிருந்து பாடத்துக்கு 100. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில், அதாவது 2007-க்கு முன்னாடி, அந்த 100-ஐயும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப். பழைய மாணவர் டேபிளில் மார்க் மட்டும் இருந்து எந்த வருஷம் என்பது இல்லாட்டி, எந்தச் சூத்திரம் போடுவீங்க?

பணத்துக்கு 'ஃப்ளோட்' வேண்டாம், 'நியூமெரிக்' வைங்க. காசை முழு ரூபாயாக்குறதை ஒவ்வொரு சீட்டிலும் பண்ணணுமா, மொத்தத்தில் ஒரே தடவை பண்ணணுமா என்பதையும் முன்னாடியே பேசிக்கோங்க. 33.40 ரூபாய் மூணு சீட்டு இருந்தால் தனித்தனியாகச் சுருக்கினால் 99, கூட்டிச் சுருக்கினால் 100. மாமா கடையில் சீட்டுக்குச் சீட்டுதான், ஏன்னா விவசாயி கையில் போறது சீட்டு.

கடைசியா ஒரு பயிற்சி. நாலு கிரெடிட் பாடத்தில் 9 பாயிண்ட், மூணு கிரெடிட்டில் 8, ரெண்டு கிரெடிட் லேப்பில் 10. மூன்றையும் ஒரு டேபிளில் முழு எண்ணாகவே ஏத்தி, ஜிபிஏவை ஒரே கொயரியில் எடுங்க. 9 வந்தால் நீங்க கத்தரிக்கு நான் பண்ணின தப்பைப் பண்ணியிருக்கீங்க. 8 வந்தால் போஸ்ட்கிரெஸ் உங்ககிட்டேயிருந்து தசமத்தை உருவிடுச்சு. 8.89 வந்தவங்க கொயரியை எடிட்டோரியல் டீமுக்கு அனுப்பி வைங்க, அடுத்த இதழில் போடுவோம்.